பாஸின் சிறப்புத் திறன்களை நியாயமாக அமைப்பது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளில் பாஸுக்கு, அதாவது முதன்மை எதிரிக்கு, ஒரு சிறப்புத் திறன் எழுதும்போது, அது எத்தனை உயிர்ப்புள்ளிகளைக் குறைக்கும் என்பதைத்தான் விளையாட்டை நடத்தும் கேம் மாஸ்டர்களில் பெரும்பாலோர் முதலில் கணக்கிடுகிறார்கள். வீரர்களிடமிருந்து எத்தனை முடிவுகளை அது பறிக்கும் என்பதையே முதலில் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. ஒரே அடியில் 60 புள்ளிகளை இழந்த வீரர் பின்வாங்கலாமா, தோழரிடம் சிகிச்சை கேட்கலாமா, துணிந்து இன்னொரு தாக்குதல் நடத்தலாமா என்று அடுத்த டர்னில், அதாவது தன் முறை மீண்டும் வரும்போது, யோசிக்க முடியும். ஒரு புள்ளிகூட இழக்காமல் மூன்று சுற்றுகள் உறைந்து நிற்பவருக்கோ யோசிப்பதற்கு எதுவுமே இருக்காது. திறன் விழுவதற்கு முன்போ விழுந்த பின்போ வீரர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், அது எவ்வளவு கொடியதாக இருந்தாலும் மேசையில் முணுமுணுப்பு எழுவது அரிது.

பாஸுக்குச் சிறப்புத் திறன் ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். நால்வர் கொண்ட குழு ஒரு சுற்றில் நான்கு டர்ன்கள் ஆடும். தனியாக நிற்கும் பாஸுக்குக் கிடைப்பது ஒன்றுதான். அந்த ஒரு டர்னிலேயே எல்லா வலிமையையும் திணித்தால் ஒருவர் சட்டென்று வீழ்வார், மற்ற மூவருக்கும் எதுவும் ஆகாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014இல் கொண்டுவந்த லெஜண்டரி ஆக்‌ஷன்கள் இந்தச் சிக்கலுக்கான விடைதான். பாஸுக்குப் பெரும்பாலும் மூன்று ஆக்‌ஷன்கள் கிடைக்கும். மற்றொருவரின் டர்ன் முடியும்போது ஒவ்வொன்றாக மட்டுமே அவற்றைச் செலவிடலாம். தன் டர்ன் தொடங்கும்போது அவை திரும்பிவிடும். நீங்களே பாஸை உருவாக்கும்போதும் இந்தப் பரவலைப் பின்பற்றுங்கள். இடையில் வரும் செயல்கள் வால் வீச்சு, இடம் மாறுதல் போன்ற சிறியவையாக இருக்கட்டும். பெரிய திறனைப் பாஸின் சொந்த டர்னுக்கே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது முன்னறிவிப்பு. அதே பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளில் வளர்ந்த சிவப்பு டிராகனின் நெருப்பு மூச்சு 60 அடி நீளக் கூம்பில் 18 ஆறுமுகப் பகடைகளின் சேதத்தை, அதாவது சராசரியாக 63 புள்ளிகளைத் தரும். சேவிங் த்ரோவில், அதாவது ஆபத்திலிருந்து தப்ப வீரர் உருட்டும் பகடையில், 21 எட்டினால் சேதம் பாதி. ஒருமுறை பயன்படுத்திய பின் டிராகனின் ஒவ்வொரு டர்னின் தொடக்கத்திலும் பகடை உருட்டி, 5 அல்லது 6 விழுந்தால் மூச்சு திரும்பும். வாய்ப்பு மூன்றில் ஒன்று. அடுத்த இரண்டு டர்ன்களுக்குள் அது திரும்பிவிடும் வாய்ப்போ பாதிக்குச் சற்று அதிகம். பகடை விழுந்த அதே கணத்தில் நெருப்பும் விழுவதால், வீரர்களுக்கு இது வெறும் அதிர்ஷ்டமாகவே தெரிகிறது. அந்த உருட்டலை டிராகனின் டர்ன் முடிவுக்கு மாற்றி, எல்லோரும் பார்க்கும்படி உருட்டுங்கள். தொண்டையில் செந்நிற ஒளி ஏறுவதை வர்ணிப்பதோடு நிறுத்தாமல், அடுத்த டர்னில் கூம்பு வடிவில் நெருப்பு வரும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சேதத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. ஆனால் விலகி ஓடுவதா, நெருங்கி நின்று அடிப்பதா என்று தீர்மானிக்க வீரர்களுக்கு ஒரு முழுச் சுற்று கிடைத்துவிட்டது. வர்ணனையே போதும், புரிந்துகொள்வது வீரர்களின் பொறுப்பு என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் மனத்தில் பார்க்கும் காட்சியை வீரர்கள் பார்ப்பதில்லை.

அதிகக் கவனம் தேவைப்படுவது செயலிழக்கச் செய்யும் திறன்களில். சேவிங் த்ரோவில் வெல்ல இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் தேவைப்படும் ஒருவர் தோற்கும் வாய்ப்பு 55 விழுக்காடு. தொடர்ந்து மூன்று முறை தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 17 விழுக்காடு. தாளில் சிறிதாகத் தெரியும் இந்த எண்ணை நேரமாக மாற்றிப் பாருங்கள். நான்கு வீரர்களும் பாஸும் ஆளுக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரு டர்னை இழப்பது என்பது இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. மூன்று டர்ன் என்றால் ஒரு மணி நேரம். ஆகவே டர்னை முழுதாகப் பறிக்காமல் அதில் ஒரு பகுதியை மட்டும் பறியுங்கள். பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் ஒரு டர்னுக்கு மூன்று ஆக்‌ஷன்கள் இருப்பதால், வேகம் குறைக்கப்பட்டவர் ஒன்றை இழந்து மற்ற இரண்டை வைத்து ஏதேனும் செய்ய முடிகிறது. வேறு அமைப்புகளில், அசைந்தால் சேதம் உண்டு என்று விலை வைக்கலாம், அல்லது தோழர் ஒருவர் தன் ஆக்‌ஷனைச் செலவிட்டு விடுவிக்க அனுமதிக்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிகளில் வரும், தன் கண்களைப் பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூசா நல்ல முன்மாதிரி: கண்களைத் திருப்பிக்கொண்டால் கல்லாவதைத் தவிர்க்கலாம், ஆனால் அடுத்த டர்ன் தொடங்கும்வரை அவளைப் பார்க்க முடியாது. அபாயம், தப்பும் வழி, அதற்கான விலை மூன்றும் வீரருக்கு முன்பே தெரிகின்றன. சேவிங் த்ரோவில் ஐந்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்றாலும், சரியாக ஐந்தில் தோற்றாலும், உடனே கல்லாகிவிடுவார் என்ற பகுதியை மட்டும் நான் விலக்கிவிடுவேன்.

பாஸின் தற்காப்புக்கும் இதே அளவுகோல்தான். லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உள்ள எதிரி, ஒரு நாளில் பெரும்பாலும் மூன்று முறை, தோற்ற சேவிங் த்ரோவை வென்றதாக மாற்றிக்கொள்ளும். முதல் மந்திரத்திலேயே போர் முடிந்துவிடாமல் இருக்க இது தேவைதான். ஆனால் தன் சிறந்த மந்திரத்தைச் செலவழித்த வீரருக்கு, அது பலிக்கவில்லை என்ற ஒற்றை வாக்கியம் மட்டுமே மிஞ்சுகிறது. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் கண்ணுக்குத் தெரியும் ஒன்றைப் பாஸ் இழக்கட்டும்: செதில் உடைந்து தற்காப்பு எண் ஒன்று குறையலாம், அல்லது அந்தச் சுற்றின் எஞ்சிய லெஜண்டரி ஆக்‌ஷன்கள் பறிபோகலாம். மீதமிருக்கும் எண்ணிக்கையையும் மறைக்காதீர்கள்; தெரிந்தால்தான் வீரர்கள் சிறிய மந்திரங்களால் அதைக் கரைக்கத் திட்டமிட முடியும்.

பாதி உயிரிழந்ததும் புதிய வடிவம் எடுக்கும் பாஸ்களைப் பற்றி ஒன்று மட்டும்: மாற்றம் நிகழும் வரம்பைப் போருக்கு முன்பே எழுதிவைத்து, அதன்படியே நடத்துங்கள். போர் சீக்கிரம் முடிகிறதே என்று நடுவில் உயிர்ப்புள்ளிகளைக் கூட்டுவது, வீரர்கள் நன்றாக ஆடியதற்கான தண்டனை.

மேசைக்குக் கொண்டுபோகுமுன், பகடை உருட்டாமல் சராசரிச் சேதத்தை வைத்து மூன்று சுற்றுகளைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். பாஸின் திறனை எதிர்க்க எந்தச் சேவிங் த்ரோ தேவையோ, அதில் மிகவும் பலவீனமான வீரரையே முதல் இலக்காக்குங்கள். அவருக்கு அந்த மூன்று சுற்றுகளில் குறைந்தது இரண்டிலாவது ஏதேனும் செய்ய இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் திறன் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதைக் குறையுங்கள், பிறகு எத்தனை சுற்றுக்கு ஒருமுறை வருகிறது என்பதை. சேதத்தில் கை வைப்பது கடைசியாக இருக்கட்டும். பல நேரங்களில் அதுவரை போகவேண்டியே இராது.