வயசானவங்க சத்து மாத்திரை எடுக்கும்போது நடக்குற தப்புகள், முக்கியமா அந்த 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷே

60 வயசு தாண்டினவங்களுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுக்குற பிசியோதெரபிஸ்ட் நான். புதுசா சேர்றவங்ககிட்ட போட்டுட்டு இருக்குற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவேன், பையைக் கொட்டினா புரோட்டீன் பவுடர், ஞாபக சக்தி கேப்சூல், பையன் ஃபாரின்ல இருந்து வாங்கிட்டு வந்த டப்பான்னு வந்துட்டே இருக்கும். ஒவ்வொரு பேட்சுலயும் அதே தப்புகள், அதான் எழுதிடலாம்னு. எக்ஸ்பைரி தேதி பாருங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடறேன்.

வாரம் ஒண்ணு போட வேண்டிய வைட்டமின் டி3-ய தினமும் போடுறது

இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் வர்ற விஷயம் இது. 60,000 யூனிட் வைட்டமின் டி கேப்சூலாவும் வரும், பால்ல கலக்குற பவுடர் சாஷேவாவும் வரும். டாக்டருங்க வழக்கமா வாரம் ஒண்ணுன்னு 8 வாரத்துக்குத்தான் எழுதுவாங்க. சீட்டுல இருக்குறது வீட்டுல யாருக்கும் புரியாது, கடையில அவசரத்துல "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்"னு மட்டும் சொல்லி கவர்ல போட்டுக் குடுத்துடுவாங்க, வீட்டுக்கு வந்ததும் அது பிரஷர் மாத்திரையோட சேர்ந்து தினசரி டப்பாவுக்குள்ள போயிடும். ஒரு நாளைக்குத் தேவையே 600-ல இருந்து 800 யூனிட்தான், தினம் ஒரு சாஷேன்னா ஒரே வாரத்துல 4,20,000 உள்ள போகுது.

என் கிளாஸுக்கு வந்துட்டிருந்த ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மா, கை ஊணாம நாற்காலியில இருந்து எழுந்திரிக்கிற அளவுக்குத் தேறியிருந்தாங்க. திடீர்னு சோர்வு, குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், அப்புறம் பேச்சே குழம்ப ஆரம்பிச்சுது. வீட்டுல அம்மாவுக்கு மறதி நோய் வந்துடுச்சுன்னு பயந்து ஞாபக சக்தி கேப்சூலும் வாங்கிக் குடுத்திருக்காங்க. ரத்தத்துல கால்சியம் பாத்த பிறகுதான் விஷயமே தெரிஞ்சுது. டி அளவுக்கு மீறினா குடல் கால்சியத்த அதிகமா இழுக்கும், எலும்புல இருந்தும் கால்சியம் வெளிய வரும், அது ரத்தத்துல ஏறினா மூளை மந்தமாகும், கிட்னியும் கெடும். கொழுப்புல தங்குற வைட்டமின்ங்கறதால நிறுத்தின உடனே இறங்காது, வாரக்கணக்குல, சில பேருக்கு மாசக்கணக்குல கூட நிக்கும். அவங்க அட்மிட் ஆகி டிரிப்ஸ் ஏத்தி மீண்டு வந்துட்டாங்க, ஆனா கால்ல சேர்த்த பலமெல்லாம் போச்சு. சீட்டை வாங்கிப் பாத்து "வாரத்துக்கு ஒண்ணுதாம்மா"ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா போதும்.

நிறைய போட்டா எலும்பு இன்னும் ஸ்ட்ராங் ஆகும்னு நினைக்கிறவங்களுக்கு: ஆஸ்திரேலியாவுல 70 வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையா 5 லட்சம் யூனிட் குடுத்துப் பாத்தாங்க, 2010-ல ரிசல்ட் வந்துச்சு, மாத்திரை போட்டவங்கதான் அதிகமா விழுந்தாங்க, எலும்பு முறிவும் அவங்களுக்குத்தான் அதிகம்.

அதனால சாஷேவ தினசரி டப்பாவுல வைக்கவே வைக்காதீங்க. காலண்டர்ல 8 ஞாயித்துக்கிழமைய வட்டம் போடுங்க, அது முடிஞ்சதும் நீங்களா மறுபடி வாங்காதீங்க. கால்சியம் மாத்திரை, மல்டிவைட்டமின்லயும் பெரும்பாலும் டி இருக்கும், அதையும் கூட்டிக்கோங்க.

வைட்டமின் பி12 பாக்காம மறதிக்கு கேப்சூல் வாங்குறது

சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போடுறவங்க, கேஸுக்கு பான்டோபிரசோல் விடாம போடுறவங்க, சுத்த சைவம், இவங்களுக்கெல்லாம் பி12 குறைய வாய்ப்பு ஜாஸ்தி. பாதம் மரத்துப் போறது, தள்ளாட்டம், மறதி எல்லாம் இதுலயே வரலாம், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும். பி12 இல்லாம ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டா ரத்தசோகை சரியான மாதிரி காட்டும், நரம்பு பாட்டுக்கு கெட்டுட்டே போகும்.

கிங்கோ

ஞாபக சக்திக்குன்னு விக்கிற மூலிகை இது. 75 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 3,000 பேருக்கு மேல வச்சு அமெரிக்காவுல சோதிச்சுப் பாத்தாச்சு, டிமென்ஷியாவத் தடுக்கலன்னு 2008-லயே சொல்லிட்டாங்க. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல்னு ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை போடுறவங்க தொடவே வேண்டாம்.

தைராய்டு மாத்திரையோடயே கால்சியம்

4 மணி நேரம் இடைவெளி விடுங்க.

அசிட்ரோம் போடுறவங்க

அசிட்ரோம் ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரை, வைட்டமின் கே அதோட வேலையக் கெடுக்கும். அதனால கால்சியம் அட்டையில கே2ன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா டாக்டர்கிட்ட காட்டாம போடாதீங்க.

பவுடர் குடிச்சிட்டு உக்காந்தே இருக்குறது

வயசானவங்களுக்கு கிலோவுக்கு 1-ல இருந்து 1.2 கிராம் புரோட்டீன் வேணும், 60 கிலோ இருக்குறவங்களுக்கு 60-ல இருந்து 72 கிராம். காலையில இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சின்னு போனா பாதி கூட வராது, முட்டை, சுண்டல், தயிர், மீன்னு மூணு வேளையும் பிரிச்சு சாப்பிட்டுட்டு மிச்சத்துக்குத்தான் பவுடர். கிட்னி பிரச்சினை இருக்குறவங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தசைக்கு வேலை குடுக்காம பவுடர் மட்டும் குடிச்சா பலம் வராது, வாரத்துல ரெண்டு மூணு நாளாவது வெயிட்டோ ரப்பர் பேண்டோ இழுக்கணும்.

கிரியாட்டின் போடுறத டாக்டர்கிட்ட மறைக்கிறது

கிரியாட்டின்ங்கறது தசை பலத்துக்கு எடுக்குற பவுடர், வெயிட் டிரெயினிங்கோட தினம் 3-ல இருந்து 5 கிராம் எடுத்தா வயசானவங்களுக்கும் பலன் இருக்கு. ஆனா கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குற ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின்ங்கற அளவைக் கொஞ்சம் ஏத்திக் காட்டும், கிட்னி நல்லா இருந்தாலும். விஷயம் தெரியாத டாக்டர் கிட்னி போச்சோன்னு பயப்படுவாரு, நீங்களும் தூக்கத்தத் தொலைப்பீங்க. முன்னாடியே சொல்லிட்டா சிஸ்டாட்டின் சின்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதுல பாத்துக்கலாம். கிட்னி ஏற்கனவே வீக்கா இருக்குறவங்க டாக்டர் சொல்லாம ஆரம்பிக்கவே கூடாது.