பெடஸ்டல் வாஷ்பேசின் பொருத்துவது எப்படி: பாரம் சுவரில் நிற்கட்டும்

பெடஸ்டல் வாஷ்பேசினைக் கடையில் பார்த்தால், கீழே இருக்கும் பீங்கான் கால்தான் எடையெல்லாம் தாங்குகிறது என்று தோன்றும். அப்படி இல்லை. பேசினைப் பிடித்து நிறுத்துவது பின்பக்கம் சுவரில் இறங்கும் இரண்டு போல்ட்டுகள். கால் குழாயை மறைக்கும், அடியில் கொஞ்சம் முட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். காவிரி டெல்டாவில் இதை மறக்கவே கூடாது. நம் களிமண் ஐப்பசி மழையில் ஊறி உப்பும், சித்திரை வெயிலில் வெடித்துச் சுருங்கும். சில வீடுகளில் அதன்மேல் போட்ட தரையும் கூடவே அசையும். போல்ட் உறுதியாக இருந்தால் பேசினுக்கு ஒன்றும் ஆகாது.

பேசின், கால் தவிர, பில்லர் காக் (பேசின் மேல் நிற்கும் குழாய்), வேஸ்ட் கப்ளிங் (பேசின் அடி ஓட்டையில் மாட்டும் கழிவு வாய்), பாட்டில் ட்ராப் (அதன் கீழே தண்ணீர் தேங்கும் குப்பி), ஆங்கிள் காக் (சுவரில் இருந்து தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு), கனெக்‌ஷன் பைப் (ஆங்கிள் காக்கையும் பில்லர் காக்கையும் இணைப்பது), ராக் போல்ட் செட் (சுவரில் ஏற்றும் போல்ட், அதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக், நட், வாஷர்), டெஃப்லான் டேப் (கசியாமல் இருக்க மரையில் சுற்றும் நாடா), சிலிகான் வாங்கிக்கொள்ளுங்கள். பேசினின் உள்பக்கம் மேலே ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தால், பக்கத்தில் துளை விட்ட ஹாஃப் த்ரெட் கப்ளிங் என்று கேட்டு வாங்குங்கள். துளை இல்லாததைப் போட்டால் ஓவர்ஃப்ளோவில் இறங்கும் தண்ணீருக்கு வழி இருக்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். அங்கே போல்ட், நட், வாஷர் எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

முதலில் எதையும் ஓட்டை போடாமல் காலையும் பேசினையும் சுவரோடு சேர்த்து நிறுத்திப் பாருங்கள். பேசினின் மேல் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 85 செ.மீ. உயரத்தில் இருப்பது பெரியவர்களுக்கு வசதி. பாத்ரூம் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாக இருக்கும், அதனால் கால் ஆடும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைத்துச் சரிசெய்யுங்கள். பேசின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தபின், பின்பக்கத் துளைகள் வழியாகச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். கால் நிற்கும் இடத்தையும் தரையில் கோடு போட்டு வையுங்கள்.

இப்போது ஓட்டை. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் பெரும்பாலும் ஆங்கிள் காக்குக்கு நேர் மேலே சுவருக்குள் இறங்கியிருக்கும். குறி அந்தக் கோட்டில் விழுந்தால் அங்கே துளையிடாதீர்கள், பேசினைக் கொஞ்சம் தள்ளிக் குறியுங்கள். டைல்ஸ் மேல் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, டிரில்லில் ஹேமர் (இடித்துத் துளைக்கும் விசை) போடாமல் மெதுவாகத் துளையிடுங்கள். டைல்ஸ் தாண்டியபிறகு ஹேமர் போடலாம்.

துளையிலிருந்து வரும் தூளைக் கவனியுங்கள். செங்கல் தூள் சிவப்பாக வந்து, டிரில் பிட் எதிர்ப்போடு இறங்கினால் சுவர் நல்ல சுவர். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் சுவர் தடிமனாக இருக்கும், ஆனால் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பியது. பிட் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கி, வெள்ளைத் தூளும் மண்ணுமாகக் கொட்டினால் அந்த இடத்தில் பிளக் பிடிக்காது. பெரிய பிளக் போட்டுச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கொத்தனாரை வைத்து, போல்ட் வரும் இடத்தில் 4 அங்குலச் சதுரத்துக்கு, அதே அளவு ஆழத்தில் கொத்தி எடுத்து, தூசியைக் கழுவி, சிமெண்ட், மணல், சிறு ஜல்லி 1:2:4 கலவையை இறுக்கமாக நிரப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் காட்டுங்கள். அப்புறம் அந்தக் கான்கிரீட்டில் துளையிட்டால் போல்ட் அசையாது. வேலை ஒரு வாரம் தள்ளிப்போகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், பேசின் விழுந்தால் குழந்தையின் காலில்கூட அடிபடலாம்.

பிளக்கையும் போல்ட்டையும் சுவரில் ஏற்றியபின் பேசினைத் தூக்க அவசரப்படாதீர்கள். பில்லர் காக், கனெக்‌ஷன் பைப், வேஸ்ட் கப்ளிங் மூன்றையும் பேசின் கீழே இருக்கும்போதே மாட்டிவிடுங்கள். கால் வைத்தபின் உள்ளே கை நுழையாது. கப்ளிங்கின் ரப்பர் வாஷர் சுருங்காமல் உட்கார வேண்டும்.

பேசினைப் போல்ட்டில் மாட்ட ஒரு ஆள் துணைக்கு வேண்டும். நட்டுக்கு முன்னால் பிளாஸ்டிக் வாஷர் போட மறக்காதீர்கள், உலோகம் நேராகப் பீங்கானில் உரசக் கூடாது. இரண்டு நட்டையும் முதலில் கையால், பிறகு ஸ்பானரால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பேசின் ஆடாமல் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பீங்கான் வெடிக்கும்.

பாட்டில் ட்ராப்பை மாட்டிச் சுவரில் உள்ள கழிவுக் குழாயோடு சேருங்கள். அதில் தேங்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. அந்தக் குழாய் கொல்லையில் வாழைக்குப் போகிறதென்றால், மீட்டருக்கு 2.5 செ.மீ. சரிவு இருக்கட்டும். முனை மழைத் தண்ணீரில் மூழ்காத உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்த்திகையில் பேசினிலிருந்து தண்ணீர் இறங்காது. தவளை ஏறாமல் முனையில் வலை கட்டுங்கள்.

ஆங்கிள் காக்கைத் திறந்து, பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாக விடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள், சின்னக் கசிவும் அதில் தெரியும். எல்லாம் காய்ந்திருந்தால் காலை அதன் கோட்டில் நிறுத்தி, சுவரோரமும் காலடியிலும் சிலிகான் போடுங்கள். காலடியில் சிமெண்ட் பூசாதீர்கள், நாளைக்கு ட்ராப்பைக் கழற்ற வேண்டி வந்தால் காலை உடைக்க வேண்டியிருக்கும். சிலிகான் காய ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள்.