நீரிழிவுள்ள பெற்றோரைப் பார்வை இழப்பிலிருந்தும் பக்கவாதத்திலிருந்தும் காப்பதற்குப் பிள்ளைகள் செய்யக்கூடியவை

சிங்கப்பூரில் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள பெற்றோருடன் வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்தை எவ்வளவு உட்கொள்வது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்கும் சில நிமிடங்கள் போக, ஆண்டின் எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளி வீட்டில்தான் இருக்கிறார். அங்கே நாம் செய்யக்கூடியவை பல இருக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது, ஆண்டுதோறும் விழித்திரைப் படம் எடுக்க அழைத்துச் செல்வது. என் தந்தையார் மூன்று ஆண்டுகள் இதைத் தட்டிக்கழித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நாளிதழின் பொடி எழுத்துகளும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன; "எனக்குத்தான் நன்றாகத் தெரிகிறதே" என்பார். நான்காம் ஆண்டு ஒருவழியாகப் படம் எடுத்தபோது, விழித்திரையில் புதிய, மெலிந்த இரத்தக் குழாய்கள் முளைத்து, உடனே லேசர் சிகிச்சை செய்ய வேண்டிய கட்டத்தை நோய் எட்டியிருந்தது. நடுப்பார்வைக்குரிய மாக்குலா பாதிக்கப்படாதவரை எழுத்துகள் தெளிவாகவே தெரியும் என்பதையும், நோய் அதற்குள் விளிம்புப் பகுதிகளில் வேரூன்றிவிடலாம் என்பதையும் நான் அன்றுதான் அறிந்தேன்.

நம் சமூகத்திற்கு இது தொலைவில் உள்ள செய்தியன்று. 2007 முதல் 2009 வரை சிங்கப்பூரில் 40 வயதைக் கடந்த இந்தியர்கள் சுமார் 3,400 பேரிடம் நடத்தப்பட்ட கண் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களுள் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு விழித்திரை பாதிப்பு காணப்பட்டது. பலதுறை மருந்தகங்களில் எடுக்கப்படும் படங்களை, 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், பயிற்சி பெற்றவர்கள் ஒரு மையத்தில் இருந்தபடி பரிசோதித்து முடிவைத் தெரிவிக்கிறார்கள். படம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். சிலருக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இடுவார்கள் என்பதால், சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சத்தில் கூச்சமாகவும் இருக்கும். அன்று துணைக்கு ஒருவர் செல்வது நல்லது. நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தின்கீழ் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்த முடியுமா என்பதைப் பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரையைக் குறைப்பதில் பலர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் புதிதாக விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. அதே ஆய்வில், ஏற்கெனவே பாதிப்பு இருந்த சிலருக்கு, கட்டுப்பாடு தொடங்கிய தொடக்க மாதங்களில் நோய் சற்று முற்றி, பிறகுதான் தணிந்தது. 2016இல் செமாகுளுடைட் என்னும் நீரிழிவு மருந்தைப் பற்றி வெளியான ஆய்விலும் இதன் சாயலைக் காணலாம்: அதைப் பெற்றவர்களிடையே பக்கவாதம் குறைந்தது, ஆனால் விழித்திரைச் சிக்கல்கள் கூடின, சர்க்கரை வேகமாக இறங்கியது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதற்காக மருந்துக்கு அஞ்சி நிறுத்திவிடக் கூடாது. உயர்ந்திருக்கும் சர்க்கரையை விரைவாகக் குறைக்கும் புதிய மருந்தையோ இன்சுலினையோ மருத்துவர் தொடங்கும்போது, "கடைசியாக எப்போது விழித்திரைப் படம் எடுத்தோம், இப்போது ஒன்று எடுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள்.

கண்ணுக்கும் மூளைக்கும் ஒருசேரப் பயன் தருவது இரத்த அழுத்தக் கட்டுப்பாடு. நீரிழிவோடு உயர் இரத்த அழுத்தமும் இருந்த 1,148 பேரைப் பற்றிப் பிரிட்டனில் 1998இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினரின் சராசரி அழுத்தம் 154/87 ஆகவும் மற்றொரு பிரிவினரின் அழுத்தம் 144/82 ஆகவும் இருந்தன. மேல் அளவில் வேறுபாடு வெறும் பத்து அலகுதான். ஆயினும் இரண்டாம் பிரிவினருக்குப் பக்கவாதம் 44 விழுக்காடும், பார்வைத் திறன் கணிசமாகக் குன்றுவது 47 விழுக்காடும் குறைந்தன. நான் படித்தவற்றுள் என் வீட்டுப் பழக்கத்தை மாற்றியது இந்த எண்ணிக்கைதான்.

வீட்டில் அழுத்தத்தை அளக்கும்போது அவசரப்படக் கூடாது. கோப்பியோ தேநீரோ அருந்தியபின் அரை மணி நேரமாவது கழியட்டும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படியுமாறு ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், மேல்கைப் பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்குமாறு கையை மேசைமீது தாங்கி, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்திய ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் இவ்வாறு எழுதிய தாளைக் கொண்டுசென்றால், மருந்தகத்தில் ஒரே முறை பதற்றத்தோடு எடுக்கும் அளவைவிட அது அவருக்குப் பெரிதும் உதவும். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பதாகக் கருவி காட்டினால் அதையும் சொல்லுங்கள். ஒழுங்கற்ற துடிப்பால் இதயத்தில் உறையும் இரத்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். உணவைப் பொறுத்தவரை, இனிப்பைக் குறைத்த வீடுகளில்கூட உப்பு மிகுந்த ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறைவதில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

கண்ணில் தோன்றும் அறிகுறி மூளைக்கான எச்சரிக்கையாகவும் அமையலாம். ஒரு கண்ணில் வலியில்லாமல் திடீரெனத் திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்து, சில நிமிடங்களில் திரும்பிவிட்டாலும், அதை அசதி என்று எண்ணி உறங்கச் சென்றுவிடக் கூடாது. கழுத்துத் தமனியிலிருந்து பெயர்ந்த சிறு கட்டி விழித்திரைத் தமனியைத் தற்காலிகமாக அடைத்திருக்கலாம். அடுத்த கட்டி மூளைக்குப் போகலாம். அன்றே, அப்போதே, மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்ந்து விழுவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்று பக்கவாத அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் தரும் என்பதை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. 2008இல் அந்த எல்லை நான்கரை மணி நேரமாக நீண்டது. அந்த நேரத்தைக் கணக்கிடுவது, நோயாளி நலமாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த பொழுதிலிருந்துதான். ஆகவே அந்தப் பொழுதை எழுதி வையுங்கள். விழுங்குவது பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தண்ணீரோ உணவோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் வேண்டாம், வந்திருப்பது அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பின்னரே தெரியும். விரல் நுனிகளை ஊசியால் குத்தி இரத்தம் வடியவிடச் சொல்லும் செய்தி வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிவருகிறது. அதைச் செய்வதால் நேரம்தான் வீணாகும்.

பகலில் பல முதியவர்களோடு இருப்பவர் இல்லப் பணிப்பெண் மட்டுமே. அவருக்குத் தமிழோ ஆங்கிலமோ சரளமாக வராமல் இருக்கலாம். அதனால் என் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறோம்: மேலே பெரிய எழுத்தில் 995, அதன்கீழ் அவருடைய தாய்மொழியில் அந்த மூன்று அறிகுறிகள், பிறகு புளோக் எண்ணும் மாடியும் வீட்டு எண்ணும், தந்தையார் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்கள், கடைசியில் நேரம் எழுதுவதற்கு ஒரு கட்டம். மருந்து மாறும்போதெல்லாம் தாளையும் மாற்றி, முகவரியைத் தொலைபேசியில் சொல்வதுபோல் அவரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறோம்.