லினக்ஸ் கெர்னல் பேட்ச்: ரிவியூவுக்கு யாருக்கு அனுப்புவது?

பேட்ச் (கோடில் நீங்கள் செய்து அனுப்பும் மாற்றம்) சரியாக இருந்தும் பதிலே வராமல் போவது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் சகஜம். பார்க்க வேண்டியவர் கண்ணில் அது படவில்லை என்பதே பல சமயம் காரணம். அவர் யார் என்பதை சோர்ஸ் கோடுடனேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் ட்ரீயை, அதாவது உங்களிடமுள்ள கெர்னல் சோர்ஸ் கோடின் நகலை, புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய ட்ரீயில் விலகிப்போனவர்களின் முகவரி இருக்கும். அதன் மேல்மட்டத்தில் உள்ள மெயின்டெய்னர்ஸ் கோப்பில் உங்கள் பகுதியைத் தேடுங்கள். எம் என்று தொடங்கும் வரி மெயின்டெய்னர் (அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்), ஆர் ரிவியூவர், எல் மெயிலிங் லிஸ்ட், எஃப் அவர்கள் கவனிக்கும் கோப்புகள். பராமரிப்பு நிலையைச் சொல்லும் எஸ் வரியைத் தவறாமல் படியுங்கள். அங்கே ‘ஆர்ஃபன்’ என்றிருந்தால் அந்தக் கோடுக்கு இப்போது ஆளில்லை. ‘ஆட் ஃபிக்சஸ்’ என்றால் ஆள் உண்டு, நேரம்தான் இல்லை.

இதையெல்லாம் கையால் தேட வேண்டாமென்றால், ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் கெட்-மெயின்டெய்னர் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. கோப்பின் பெயரைக் கொடுத்தாலும் பதில் தரும். ஆனால் அனுப்பும் முன் பேட்சையே கொடுங்கள்; எந்த மாற்றத்தில் வந்த பிழையைத் திருத்துகிறது என்று சொல்லும் ‘ஃபிக்சஸ்’ வரி அதில் இருந்தால், பிழை நுழைந்த கமிட்டுக்கு (பதிவான மாற்றத்துக்கு)ப் பொறுப்பானவர்களையும் சேர்த்துக் காட்டும். அந்தப் பிழையைப் பற்றி அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

ஸ்கிரிப்ட் தரும் பட்டியலை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் பங்கு என்ன என்று இருக்கும். மெயின்டெய்னர் கிடைக்காதபோது ஸ்கிரிப்ட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் கடந்த ஓராண்டு வரலாற்றைப் புரட்டி, ‘கமிட் சைனர்’ (கமிட்டில் கையொப்பமிட்டவர்) என்று சதவீதத்தோடு சிலரைக் காட்டும். இங்கேதான் ஏமாறுவோம். ட்ரீ முழுக்க ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியவரும், எழுத்துப்பிழை திருத்தியவரும் இதில் வந்துவிடுவார்கள். அந்த டிரைவர் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கோப்புக்கு மட்டும் கிட் லாக் எடுத்து, லாஜிக்கை மாற்றியவர் யார் என்று பார்த்து அவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்குங்கள்.

மெயின்டெய்னர்கள் ‘டு’வில், ரிவியூவர்களும் லிஸ்ட்களும் ‘சிசி’யில். லிஸ்டை விட்டுவிட்டுத் தனி மெயில் அனுப்பினால் வேறு எவரும் அதைப் பார்க்க வழியில்லை. எச்டிஎம்எல் மெயிலை லிஸ்ட் சர்வர் ஏற்காது, வெறும் டெக்ஸ்ட்தான்.

பதிலுக்கு 2, 3 வாரம் ஆவது வழக்கம். ஒரு வாரமாவது பொறுக்காமல் நினைவூட்டாதீர்கள். புதிய கெர்னல் வெளியானதும் அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் 2 வார மெர்ஜ் விண்டோவில் இன்னும் தாமதமாகும். நெட்வொர்க்கிங் பகுதியில் புது அம்சங்களுக்கான நெட்-நெக்ஸ்ட் ட்ரீ அப்போது மூடியே இருக்கும். எதையும் மாற்றாமல் மறுபடி அனுப்பினால் மட்டும் தலைப்பில் ‘ரீசென்ட்’ (RESEND); மாற்றினால் ‘வி2’. முதல் பதிப்புக்குக் கருத்து சொன்னவர்களை வி2-வில் மறக்காமல் சேருங்கள், ஸ்கிரிப்ட் அவர்கள் பெயரைக் காட்டாவிட்டாலும்.

எங்கும் மெயின்டெய்னரே கிடைக்கவில்லையா? கடைசிப் புகலிடமாக கெர்னல் ஆவணமே மூத்த கெர்னல் டெவலப்பர் ஆண்ட்ரூ மார்ட்டனைக் குறிப்பிடுகிறது.