லேசர் தூரமானி: முதன்முறை அளப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குச் சமையலறை கேபினெட் செய்து கொண்டுபோய் நிறுத்தினோம். சுவரில் ஒட்டி உட்கார வேண்டிய பக்கப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே என் உள்ளங்கை அகலமாக நுழைந்தது. நாடாவை வைத்துப் பார்த்தேன்: 11 செண்டிமீட்டர். குறிப்பேட்டில் 2.74 மீட்டர் என்று எழுதியிருந்தேன். சுவரிலிருந்து சுவருக்கு உண்மையில் 2.85 மீட்டர் இருந்தது. அப்போது என் கையில் இருந்த லேசர் தூரமானியின் உடல் நீளமும் சரியாக 11 செண்டிமீட்டர்தான். கருவி பொய் சொல்லவில்லை. எந்த விளிம்பிலிருந்து அளக்கச் சொல்லியிருந்தேனோ அங்கிருந்துதான் அது அளந்தது. நான்தான் திரையின் மூலையில் இருந்த சிறு குறியைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தியிருந்தேன்.

அந்த வீட்டுக்காரர் பொறுமையானவர். நாங்கள் மறுபடி பலகை அறுத்து வரும்வரை ஒரு வாரம் மேசைமேல் அடுப்பை வைத்துச் சமைத்தார். அந்த ஒரு வாரம் இன்னும் என் மனத்தில் உறுத்துகிறது. புதிதாக இந்தக் கருவியை வாங்கியிருப்பவர்கள் அந்த நிலைக்கு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுப்பவர், டைல்ஸ் கணக்குப் போடுபவர், தச்சு வேலையில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் என எல்லாருக்கும் இது பொருந்தும்.

கருவி என்ன செய்கிறது?

மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவருக்கு ஒளி போய்த் திரும்ப, ஒரு விநாடியை ஐந்து கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம் போதும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் ஏழு பங்கு அளவை உணர வேண்டும். அவ்வளவு நுட்பமாகக் கடிகாரம் வைத்துப் பார்ப்பது கடினம். அதனால் பெரும்பாலான கைக்கருவிகள் ஒளியின் வலிமையைச் சீராக ஏற்றி இறக்கி அனுப்புகின்றன. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுகின்றன. இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். கருவிக்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது. சிவப்புப் புள்ளி எதன்மேல் விழுகிறதோ, அங்கிருந்து திரும்பும் ஒளியைத்தான் அது அறியும். திரைச்சீலையின் ஓரத்தில் பட்டால் அதைத்தான் அளந்து சொல்லும்.

முதல் படி: ஒட்டுச்சீட்டைப் படியுங்கள்

பெட்டியைப் பிரித்ததும் பேட்டரி போட வேண்டாம். கருவியின் பின்புறம் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு இருக்கும். அதில் 'வகுப்பு 2' என்று இருக்க வேண்டும். ஒளியின் வலிமை 1 மில்லிவாட்டுக்கு மிகாது என்பது அதன் பொருள். இத்தகைய சிவப்பு ஒளி தற்செயலாகக் கண்ணில் பட்டால், கால் விநாடிக்குள் இமை தானாக மூடிக்கொள்ளும், தலையும் திரும்பிவிடும். அந்த இயல்பான தற்காப்பை நம்பித்தான் இந்த வகுப்பே வகுக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் வேண்டுமென்றே கண்ணை விரித்து வைத்து உற்றுப் பார்ப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சீட்டே இல்லாத கருவி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 5 மில்லிவாட் வரை போகும் 3ஆர் வகுப்புக் கருவியும் வீட்டு வேலைக்குத் தேவையில்லை.

இரண்டாம் படி: கண்ணைக் காப்பது

ஒளி வெளிவரும் துளைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. பொத்தானை அழுத்தும்முன் "லேசர் அடிக்கிறேன், கொஞ்சம் விலகுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் வாடிக்கையாளர் வீட்டில் குழந்தைகள் இருந்தால், முதலில் அவர்களை என் பின்னால் வந்து நிற்கச் சொல்வேன். புள்ளியைச் சுவரில் ஒருமுறை காட்டிவிட்டால் அவர்கள் ஆவலும் தீர்ந்துவிடும், முன்னால் ஓடியும் வர மாட்டார்கள். விளையாடக் கொடுத்துவிட்டு நாம் குறிப்பெழுதிக்கொண்டிருப்பது தவறு.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகளை அளக்கும்போது இன்னொரு கவலையும் உண்டு. வீட்டுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். உட்சுவரிலிருந்து வாசலை நோக்கி அளந்தால், வாசல் தாண்டிய புள்ளி நடந்து போகிறவர் முகத்தில் விழும். கதவைச் சாத்திவிட்டு அளங்கள், அல்லது வாசலில் கருவியின் பின்பக்கத்தை வைத்து உள்நோக்கி அளங்கள். நிலைக்கண்ணாடி, பளபளக்கும் எஃகுத் தகடு ஆகியவற்றின்மேல் அடித்தால் ஒளி அப்படியே திரும்பி யார் கண்ணிலாவது படலாம். தொலைநோக்கி வழியாகப் புள்ளியைத் தேடவே கூடாது. அது ஒளியைக் குவித்துக் கண்ணுக்குள் அனுப்பும்.

சில கருவிகளோடு சிவப்புக் கண்ணாடி ஒன்று வரும். அதைப் பாதுகாப்புக் கண்ணாடி என்று பலர் நினைக்கிறார்கள். அது வெளிச்சத்தில் புள்ளி தெளிவாகத் தெரிவதற்கு மட்டுமே. கண்ணைக் காக்காது.

கண்ணைப் பற்றியே பேசிவிட்டுக் காலை மறந்துவிடக் கூடாது. திரையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்காதீர்கள். பழைய கடைவீடுகளின் நடுவே மழைநீர் இறங்குவதற்காகத் தாழ்த்திக் கட்டிய திறந்த முற்றம் இருக்கும். அதன் கருங்கல் விளிம்பில் இடறி விழுந்தவரை நான் தூக்கிவிட்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: எந்த விளிம்பு?

இதைத்தான் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். கருவியை முடுக்கியதும் திரையின் மூலையில் கருவியின் சிறிய படம் ஒன்று தெரியும். அதன் அடிப்பக்கத்தில் கோடு இருந்தால், பின் விளிம்பிலிருந்து அளக்கிறது. தலைப்பக்கத்தில் இருந்தால் முன் விளிம்பிலிருந்து. பல கருவிகளில் முக்காலியில் பொருத்தும் திருகுத்துளையிலிருந்து அளக்கவும் வழியுண்டு. எளிய கருவிகள் சிலவற்றில் பின் விளிம்பு மட்டும்தான்.

பின் விளிம்பு என்று இருந்தால், கருவியின் முதுகைச் சுவரில் முழுதாக ஒட்டி வைத்து அளக்க வேண்டும். உங்கள் கருவியின் நீளமும் சேர்ந்தே எண் வரும். முன் விளிம்பு என்பது, மேசை ஓரத்திலிருந்து எதிர்ச் சுவருக்கு அளப்பது போன்ற வேலைகளுக்கு. அந்தப் பட்டர்வொர்த் வீட்டில் நடந்தது இதுதான்: காலையில் ஒரு மேசை ஓரத்துக்காக முன் விளிம்புக்கு மாற்றியிருந்தேன். மதியம் முதுகைச் சுவரில் வைத்து அளந்தேன். 11 செண்டிமீட்டர் காணாமல் போனது.

கருவியை அணைத்து முடுக்கினால் பெரும்பாலானவற்றில் பின் விளிம்புக்கே திரும்பிவிடும். ஆனால் அதை நம்பி இருக்காமல், ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் அந்தக் குறியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் இப்போது குறிப்பேட்டில் அளவுக்கு முன்னால் 'பி' அல்லது 'மு' என்று எழுதிக்கொள்கிறேன்.

முதல் நாளே இதை வீட்டில் பழகிப் பாருங்கள். இரண்டு மீட்டர்போல இருக்கும் இடைவெளியை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். பிறகு அதே இடைவெளியைப் பின் விளிம்பு வைத்து ஒருமுறை, முன் விளிம்பு வைத்து ஒருமுறை அளங்கள். நாடாவின் நுனிக் கொக்கி கொஞ்சம் ஆடினால் அது பழுது அன்று. கொக்கியின் தடிமனை ஈடுசெய்வதற்காகவே அப்படித் தளர்வாகப் பொருத்தியிருக்கிறார்கள்.

நான்காம் படி: நேராகப் பிடிப்பது

கருவி சாய்ந்தால் எண் கூடும், ஒருபோதும் குறையாது. நான்கு மீட்டர் அறையில் 5 பாகை சாய்த்துவிட்டால் 15 மில்லிமீட்டர் அதிகமாகக் காட்டும். கண்ணுக்கு 5 பாகை பெரிதாகத் தெரியாது. எதிர்ச் சுவரில் புள்ளி, கருவி இருக்கும் உயரத்திலேயே விழுகிறதா என்று பாருங்கள். ரசமட்டம் இருந்தால் அதை அணைத்துப் பிடியுங்கள்.

இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் கருவி தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும். அப்போது முதுகின் ஒரு முனையை அசையாமல் வைத்து, புள்ளியை மெதுவாக மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துங்கள். திரையில் வரும் ஆகக் குறைந்த எண்தான் நேர்க்கோட்டுத் தூரம். பல கருவிகள் அந்தக் குறைந்த எண்ணைத் தாமே பிடித்து வைத்துக் காட்டும். மூலைவிட்டம் அளக்கும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எதிர் மூலையைச் சுற்றிப் புள்ளியை நகர்த்தி, ஆகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மூலைதான் அந்த அறையில் மிகத் தொலைவான இடம்.

ஐந்தாம் படி: புள்ளி விழும் இடம்

வெளுத்த, மங்கலான சுவர் கருவிக்கு மிகவும் பிடித்தது. கண்ணாடி பிடிக்காது. ஒளி கண்ணாடியைத் துளைத்துப் போய் வெளியே இருக்கும் எதையாவது அளந்து வரும். பழைய அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் பட்டை பட்டையான கண்ணாடி ஜன்னல்களில் இந்தத் தொல்லை அதிகம். தண்ணீர், மெருகேற்றிய கருங்கல், கறுப்புத் துணி ஆகியவையும் தொல்லைதான். அந்த இடங்களில் வெள்ளை அட்டை ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லி, அதன்மேல் அளங்கள். அட்டை வளையக் கூடாது. தடிமனானதாக இருந்தால் அந்தத் தடிமனைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

திறந்த முற்றத்தில் நண்பகல் வெயிலில் புள்ளி தெரியாது. 'பிழை' என்று குறி காட்டும், அல்லது எண் வர நேரமெடுக்கும். பெட்டியில் 40 மீட்டர் என்று அச்சிட்டிருப்பதும், கூடக்குறைய 2 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பதும் நல்ல சூழ்நிலைக்கு உரியவை. காலையிலோ மாலையிலோ வந்து அளப்பது நல்லது.

பழைய வீட்டுச் சுவர்கள்

புதிய வீடுகளை அளந்து பழகியவர்கள் ஜார்ஜ் டவுன் கடைவீட்டில் தடுமாறுவார்கள். 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பகுதியில், தலைமுறைகள் கடந்த செங்கற் சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சும் இன்னும் இருக்கின்றன. ஈரத்தில் பூச்சு உப்பும், உதிரும், மேலே மறுபடி பூசப்படும். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு வீட்டில் அலமாரிக்காக ஒரே சுவர்மாடத்தை மூன்று இடத்தில் அளந்தேன். தரையருகே 2.412, இடுப்பளவில் 2.405, தலைக்குமேல் 2.397 மீட்டர். வீட்டுக்கார அம்மா அருகில் நின்று பார்த்துவிட்டு, "கருவி கெட்டுப்போச்சா தம்பி?" என்று கேட்டார். சுவரில் கை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். மேலே பூச்சு வயிறு தள்ளியிருப்பது அவர் விரலுக்கே தெரிந்தது.

பொருத்தி வைக்கும் பொருளுக்கு இந்த மூன்றில் ஆகச் சிறியதையே எடுக்க வேண்டும். அதிலும் சில மில்லிமீட்டர் குறைத்துச் செய்து, இடைவெளியை மெல்லிய பட்டையால் மூடலாம். சராசரி எடுத்தால் அலமாரி மேலே இடிக்கும்.

மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று அறிய ஒரு சுவரில் 3 மீட்டர், அடுத்த சுவரில் 4 மீட்டர் குறித்துக்கொண்டு இரண்டு குறிகளுக்கும் இடையே அளங்கள். சரியாக 5 மீட்டர் இருந்தால் மூலை மட்டமாக இருக்கிறது. கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது.

எட்டாத உயரம்

ஏணி வைக்க முடியாத இடத்தில் கருவியே முக்கோணக் கணக்குப் போடும். ஒரே இடத்தில் நின்று, முதலில் சாய்வாக உச்சிக்கு, பிறகு கிடைமட்டமாகச் சுவருக்கு அளக்கச் சொல்லும். சில கருவிகளில் இந்த வரிசை மாறும், கையேட்டைப் பாருங்கள். கிடைமட்டம் 6 மீட்டர், சாய்வு 7.50 மீட்டர் என்றால், கிடைமட்டப் புள்ளியிலிருந்து உச்சிவரை உயரம் 4.50 மீட்டர். சாய்வில் 2 செண்டிமீட்டர் பிசகினால் விடையில் 3 செண்டிமீட்டருக்கு மேல் பிசகும். பெயின்ட் கணக்குக்கு இது போதும். பலகை அறுக்க இதை நம்பாதீர்கள்.

பரப்பளவுப் பொத்தான் நீள அகலத்தைப் பெருக்கித் தரும். நம் ஊரில் வீட்டைச் சதுர அடியில் பேசுவார்கள், டைல்ஸைச் செண்டிமீட்டரில் வாங்குவார்கள். ஆகவே அலகை மாற்றும்போது கவனம் தேவை. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. நான் எல்லாவற்றையும் மீட்டரிலேயே அளந்து, கடைசியில் ஒரே ஒரு முறை மாற்றுகிறேன்.

கருவியைப் பேணுவது

வெயிலில் நிறுத்திய வேனின் முன்கண்ணாடியருகே வைத்துவிட்டுப் போகாதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் பினாங்கின் ஈரக்காற்றில் கருவியின் கண்ணாடி வியர்த்துவிடும். பத்து நிமிடம் பொறுத்து அளங்கள். துடைக்க மென்துணி போதும், தின்னர் வேண்டாம். கீழே விழுந்த கருவியை நாடாவோடு ஒப்பிடாமல் அடுத்த வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். என் பட்டறைச் சுவர்கள் இரண்டில் ஆணி அடித்து அடையாளம் வைத்திருக்கிறேன். அவற்றுக்கு நடுவே 5.062 மீட்டர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, கதவைத் திறந்ததும் பத்து முறை அளந்து பார்ப்பேன். நாள்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.