பணியிடத்தில் சிறு மாற்றங்கள்: தொடக்கத்திலேயே நேரும் தவறுகள்

பணியிடத்தில் எந்த மாற்றத்தையும் சிறிய அளவில் தொடங்க வேண்டும் என்ற அறிவுரையைப் பயிற்சி வகுப்புகளிலும் ஆண்டுக் கூட்டங்களிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அறிவுரை சரியானதுதான். ஆயினும் அப்படித் தொடங்கியவற்றில் பல, சில வாரங்களில் சுவரில் ஒட்டிய காகிதமாக மட்டும் எஞ்சிவிடுகின்றன. மாற்றத்தின் அளவைக் குறைக்கும்போது அதற்குச் செலவிட வேண்டிய கவனத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதாம்.

இருக்கும் நிலையைப் பாராமல் தீர்வை அறிவித்துவிடுவது இவற்றில் முதலாவது. அமெரிக்காவின் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001இல் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர், நோயாளியின் பெரிய இரத்தக் குழாயில் செலுத்தப்படும் மருத்துவக் குழாய் வழியாக ஏற்படும் தொற்றைக் குறைக்க ஐந்தே வரிகளில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை எழுதினார். கைகளைக் கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், நோயாளியைத் தூய்மையாக்கிய துணியால் முழுவதும் மூடுதல் போன்ற, எந்த மருத்துவரும் முதலாண்டுகளிலேயே கற்றுவிடும் செய்திகளே அதில் இருந்தன. ஆனால் அவர் பட்டியலைக் கையில் கொடுத்துப் பின்பற்றச் சொல்வதற்கு முன், நடப்பதை ஒரு மாதம் கவனித்துக் குறித்து வைக்குமாறு செவிலியர்களிடம் கேட்டுக்கொண்டார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விஷயத்தில் குறைந்தது ஒரு படியாவது விடுபட்டிருந்தது அந்தக் குறிப்புகளிலிருந்து தெரிந்தது. இத்தகைய கணக்கு முன்கூட்டியே இல்லையென்றால், மாற்றம் பயன் தந்ததா என்ற கேள்வி மூன்று மாதம் கழித்து எழும்போது, யார் உரக்கப் பேசுகிறாரோ அவருடைய கருத்தே விடையாகிவிடும்.

அடுத்த தவறு, வேலையின் ஏற்பாட்டைத் தொடாமல் வேலை செய்பவரின் பொறுப்புணர்வைத் திருத்த முனைவது. அதே மருத்துவமனையில், குழாய் செலுத்தத் தேவையான பொருள்களை எட்டு இடங்கள் வரை சென்று திரட்ட வேண்டியிருந்ததை அந்தக் குழுவினர் கண்டறிந்தார்கள். அவசர நேரத்தில் ஏழு இடங்களுக்குப் போய்வந்த ஒருவர் எட்டாவது இடத்துக்குப் போகாமல் விடுவதில் வியப்பில்லை. எனவே எல்லாப் பொருள்களையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கி வைத்தார்கள். அதோடு, மருத்துவர் ஒரு படியை விட்டுவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகம் செவிலியருக்கு வழங்கியது. தொற்று விகிதம் 11 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கியது. இதைச் சொல்லும்போது பலரும் பட்டியலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, தள்ளுவண்டியையும் அதிகாரத்தையும் மறந்துவிடுகிறார்கள். நம் அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குறைகளோடு வந்துகொண்டே இருக்கும்போது ஊழியர்களுக்குக் கண்டிப்பான சுற்றறிக்கை அனுப்புவதும் இந்த வகைத் தவறே. தேவையான ஆவணங்களின் பட்டியலை விண்ணப்பம் வழங்கும் மேசையிலேயே வைத்திருந்தால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்திருக்கக்கூடும்.

ஓரிடத்தில் பலித்ததை ஆணை வழியாக எல்லா இடங்களிலும் ஒரே நாளில் பரப்புவது மூன்றாவது தவறு. இது வெற்றிக்குப் பிறகு நேர்வதால் தவறென்றே தோன்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் தன் மருத்துவமனைகளில் அதை நடைமுறைப்படுத்தியது. அங்கே 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. அத்தனைக்கும் பட்டியல் ஏறக்குறைய எல்லா அறுவை சிகிச்சைகளிலும் பின்பற்றப்பட்டதாகவே மருத்துவமனைகள் அறிக்கை அளித்திருந்தன. முன்னும் பின்னும் மூன்று மாதங்களை மட்டும் ஒப்பிட்டது போதாது என்று இந்த ஆய்வை மறுப்போரும் உண்டு, அந்த மறுப்பில் நியாயமும் இருக்கிறது. எனினும் கட்டங்களில் சரி என்று குறிப்பதும் வேலையை அப்படியே செய்வதும் வேறு வேறு என்பதை, தணிக்கைக்கு முந்தைய நாள் இரவு பதிவேடுகளை நிரப்பிய அனுபவம் உள்ள எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பழையதை நீக்காமல் புதியதைச் சேர்ப்பதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கணினியில் பதிவு தொடங்கிய பிறகும் கைப்பதிவேடு தொடருமானால், ஊழியருக்கு அந்த மாற்றம் இரட்டை வேலையாக மட்டுமே தெரியும். எதை நிறுத்தப் போகிறோம், எந்த நாளிலிருந்து என்பதையும் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தமிழகத்தின் தொழிற்சாலைகளில் கைசன் (சிறுசிறு தொடர் மேம்பாடு), 5எஸ் (பணியிடத்தை ஒழுங்குபடுத்தும் ஐந்து படிகள்) ஆகிய ஜப்பானிய முறைகளின் பெயர்கள் கடைநிலைத் தொழிலாளி வரை அறிந்தவை. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல், தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை இந்திய நிறுவனங்களில் முதலாவதாகப் பெற்றது. அதன்பின் பல நிறுவனங்கள் அவ்வழியில் நடந்தன. ஆனால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட இடங்களில் 5எஸ் என்பது ஒருநாள் துப்புரவுப் பணியாகச் சுருங்கிவிட்டது. தேவையற்றதைப் பிரித்தல், ஒழுங்காக அடுக்குதல், தூய்மை செய்தல் ஆகிய முதல் மூன்றும் ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும். நிலைப்படுத்துவதும் பழக்கமாக்குவதும் அப்படி முடிவதில்லை. ஐந்து பிரிவுகளில் ஒரே நாளில் தொடங்குவதைவிட, ஒரு கருவி அலமாரியை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லா ஷிப்டுகளிலும் அது ஒழுங்காக இருக்கும்வரை வேறெதையும் தொடாமல் இருப்பதே சிறியதாகத் தொடங்குவது.

ஆலோசனைப் பெட்டி வைத்துவிட்டு அதைத் திறவாமல் விடுவதும், அதைவிட மோசமாக, திறந்து படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பதும் பரவலாகக் காணப்படும் தவறுகள். டொயோட்டா நிறுவனம் 1951இல் தன் ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையில் பார்த்த ஏற்பாட்டையே மாதிரியாகக் கொண்டது. ஒரே ஏற்பாடு இரு நாடுகளில் இருவேறு விதமாக வளர்ந்தது. யோசனையால் மிச்சமாகும் தொகையில் பங்கு தரும் அமெரிக்க முறை, பெரிய யோசனையைத் தேடித் தொழிலாளியைக் காத்திருக்க வைக்கிறது. சிறிய யோசனைக்கும் விரைவான மறுமொழியும் எளிய பாராட்டும் கிடைக்கும் ஜப்பானிய முறையில், அவர் தன் கைக்கெட்டியதை உடனே சொல்கிறார். ஏற்க முடியாத யோசனைக்கும் காரணத்தோடு பதில் தருவது அவசியம். காரணமின்றி மறுக்கப்பட்டவர் அடுத்த யோசனையைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்வார்.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பிறகும், முதல் சிக்கல் வெளிப்படும் நேரத்தில் மேலதிகாரி முகம் சுளித்தால் முயற்சி அங்கேயே முடங்கும். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கார் ஆலையை டொயோட்டாவும் அந்நிறுவனமும் கூட்டாக 1984இல் மீண்டும் திறந்தபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே வேலைக்கு எடுத்தார்கள். கோளாறு கண்டவர் உற்பத்தி வரிசையை ஒட்டித் தொங்கும் எச்சரிக்கைக் கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் ஓடிவந்து உதவுவார்; தீரவில்லையென்றால் உற்பத்தி வரிசையே நிற்கும். முன்பு ஒழுங்கீனத்துக்குப் பெயர்போன அதே ஆட்கள் அங்கே தரமான கார்களைச் செய்தார்கள். இதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் கலிஃபோர்னியாவிலேயே இருந்த தன் வான் நைஸ் ஆலைக்குக் கொண்டுசென்றபோது அது வேரூன்றவில்லை; வரிசை நிற்பதை அங்கிருந்த மேலாளர்களால் பொறுத்துக்கொள்ள முடியாததும் அதற்கு ஒரு காரணம். கயிற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். அதை இழுத்தவரிடம் என்ன நடந்தது என்று முதலில் கேட்பதற்கு மேலாளர் பழகியாக வேண்டும்.

பயன் தராத மாற்றத்தை யாரும் திரும்பப் பெறுவதில்லை என்பதையும் தவறுகளின் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று மாதம் என்று காலம் குறித்துத் தொடங்கி, முன்பே எடுத்துவைத்த கணக்கோடு ஒப்பிட்டு, பயனில்லை என்றால் அதே அறிவிப்புப் பலகையில் எழுதி நிறுத்திவிடலாம். அப்படி ஒன்றை வெளிப்படையாக நிறுத்திய பிரிவில், அடுத்த முயற்சிக்கு ஆட்களைச் சேர்ப்பது எளிதாகவே இருக்கும்.