செக்கெண்ணெயில் காற்றுக் கலக்காமல் பாத்திரம் மாற்றுவது எப்படி?

சம்பா அறுத்த வயலில் மாசிப் பட்டத்துக்கு எள் தெளிப்பது எங்கள் பாபநாசம் பக்கத்து வழக்கம். வைகாசிக்குள் எள் வீடு வந்துவிடும். செக்கில் ஆட்டி வாங்கி வைத்தால், அடுத்த எள் வரும்வரை ஓட வேண்டும். ஆனால் பல வீடுகளில் ஆவணியிலேயே காறல் வாடை அடிக்கிறது. எள்ளைக் குறை சொல்கிறார்கள், செக்கைக் குறை சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், டின்னிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றும் விதத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றும்போது காற்று குமிழ் குமிழாக உள்ளே போகிறது. அதிலுள்ள ஆக்சிஜன்தான் எண்ணெயைக் கெடுக்கிறது.

முதலில் எண்ணெய் தெளிய வேண்டும். கருப்பட்டி போட்டு, தண்ணீர் தெளித்து ஆட்டுவதால் புது எண்ணெயில் ஈரமும் கசடும் இருக்கும். எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, 3 அல்லது 4 நாள் வெயிலில் வையுங்கள். சூட்டில் எண்ணெய் இளகுவதால் கசடு சீக்கிரம் அடியில் உட்காரும். கண்ணாடி ஜாடியில் மட்டும் வெயிலில் வைக்காதீர்கள். வெளிச்சமும் எண்ணெயைக் காறலாக்கும். அப்புறம் தூக்கை வீட்டுக்குள் ஒரு பெஞ்சின் மேல் வைத்து, 2 நாள் தொடாமல் விடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. சுண்டுவிரல் தடிமனில், உணவுக்கு ஏற்ற சிலிகான் டியூப் ஒன்று போதும். அது பாட்டிலின் கழுத்தை அடைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். டியூபையும் பாட்டில்களையும் வெந்நீரில் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் காய வையுங்கள். டியூபின் ஒரு முனையை மூங்கில் குச்சியில் கட்டுங்கள். குச்சி தூக்கின் அடியைத் தொட்டு நிற்கும்போது, டியூபின் வாய் கசடுக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்க வேண்டும்.

வாயால் உறிஞ்சி இழுக்காதீர்கள், எச்சில் ஈரம் போகும். மேலாகத் தெளிந்த எண்ணெயைக் கரண்டியில் மொண்டு டியூபை நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். குச்சி கட்டிய முனையை எண்ணெய்க்குள் மெதுவாக இறக்கியதும் அந்த விரலை எடுங்கள். மறுமுனையைத் தரையில் வைத்த டம்ளருக்குள் விட்டுத் திறந்தால் எண்ணெய் தானாக இறங்கும். குமிழோடு வரும் முதல் கால் டம்ளர் அன்றைய சமையலுக்கு. பிறகு டியூபைக் கிள்ளிப் பிடித்து, பாட்டிலின் அடித்தளம் தொடும்வரை விடுங்கள். எண்ணெய் அடியிலிருந்து சத்தமே இல்லாமல் ஏறி, காற்றை மேலே தள்ளிக்கொண்டு வரும். ஜெர்மனியில் வீட்டிலேயே பீர் வடிக்கும் என் அக்கா மகனும் இப்படித்தான் அடியிலிருந்து நிரப்புகிறான். அவன் முதலில் பாத்திரத்துக்குள் கார்பன் டை ஆக்சைடு அடைத்துவிடுவான். நமக்கு அவ்வளவு தேவையில்லை. நல்லெண்ணெயில் செசமோல் போன்ற காப்புப் பொருட்கள் இயற்கையாகவே இருக்கின்றன.

மத்தியான வேளையில் செய்தால் எண்ணெய் இளகி வேகமாக ஓடும். டியூபுக்குள் கலங்கல் தெரிந்த உடனே நிறுத்திவிடுங்கள். கடைசி அரை லிட்டருக்கு ஆசைப்பட்டுத் தூக்கைச் சாய்த்தால், இறங்கிய கசடெல்லாம் எழும்பிவிடும்.

பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி, ஒரு விரற்கடை மட்டும் விடுங்கள். 10 டிகிரி சூடு ஏறினால் ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 7 மில்லி விரியும், அதற்குத்தான் அந்த இடம். டியூபை வெளியே எடுத்ததும் மட்டம் கொஞ்சம் இறங்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டர் கேனைவிட, பழுப்பு நிற ஒரு லிட்டர் பாட்டில்களே நல்லது. ஒன்றைத் திறந்தாலும் மற்றவை மூடியே இருக்கும். பழைய எண்ணெயின் மிச்சத்தில் புது எண்ணெயை ஊற்றவே கூடாது, பழசின் காறல் புதுசையும் பிடித்துக்கொள்ளும். ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் வேண்டாம், செம்பு பட்டால் எண்ணெய் இன்னும் சீக்கிரம் கெடும்.

கடலை எண்ணெய்க்கும் இதே முறைதான், ஆனால் அது நல்லெண்ணெய் அளவுக்குத் தாங்காது, கொஞ்சமாக ஆட்டுங்கள். தேங்காயெண்ணெயை மார்கழிக்கு முன்பே மாற்றிவிடுங்கள், 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும்.

தூக்கில் தங்கிய கசடை ஒரு கிண்ணத்தில் வழித்து வையுங்கள். மறுநாள் மேலே தெளிந்து நிற்பதைத் தோசைக்குத் தீர்த்துவிடலாம்.